கோடை ட்ரெக்குக்குத் திட்டம் போடுவது எப்படி: பழைய பயணங்களிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பையில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, மலையில் இரவு தங்கி, மூன்று நான்கு நாள் நடக்கும் கோடைப் பயணத்துக்கான வழிகாட்டி இது. ஓரிரு முறை பிறர் திட்டத்தில் போய் வந்தவர்கள், அடுத்த பயணத்தைத் தாங்களே திட்டமிட உட்காரும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வரிசைதான் பிரச்சினை. எடுத்த எடுப்பிலேயே பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அல்லது கடைக்குப் போகிறார்கள். பிறகு அந்தப் பாதைக்கு ஏற்ப உடம்பை வளைக்கப் பார்க்கிறார்கள்.

கீழே உள்ள வரிசை முன்பு போன பயணங்களில் தொடங்குகிறது. அங்கிருந்து ஆட்கள், தேதி, தண்ணீர், பாதை என்று நகர்ந்து, பையைப் பின்பகுதியில்தான் தொடுகிறோம். ஒரு படியில் கிடைக்கும் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும் என்பதால் நடுவில் தாவ வேண்டாம். மூன்று மாதம் முன்பே உட்கார்ந்தால் எதையும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்காது.

1. பழைய பயணங்களை எண்ணாக மாற்றுங்கள்

ஒரு நோட்டு, பழைய படங்கள் உள்ள போன், போன பாதைகளின் வரைபடம். இவை மூன்றும் போதும்.

நினைவை அப்படியே நம்ப முடியாது. சிகரம் நினைவிருக்கும், விடியற்காலை மூடுபனி நினைவிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குத் தோள்பட்டை எரிந்தது மறந்துபோகும். ஆனால் படங்களில் நேரம் பதிந்திருக்கிறது. கிளம்பிய இடத்தில் எடுத்த முதல் படம், டென்ட் போட்ட பிறகு எடுத்த படம் இரண்டின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் நடந்த தூரத்தையும் ஏறிய உயரத்தையும் வரைபடத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், எந்த நேரத்தில் படமே இல்லை என்று பாருங்கள். என் பழைய பயணங்களைப் புரட்டும்போது, படங்கள் நின்ற நேரமும் எங்களுக்குள் பேச்சு நின்ற நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. களைத்தவர்கள் போனை வெளியே எடுப்பதில்லை. அந்த இடைவெளி வெயில் ஏறிய பிறகு வந்ததா, செங்குத்து ஏற்றத்தில் வந்ததா, தண்ணீர் குறைந்த பிறகு வந்ததா என்று யோசியுங்கள். உங்கள் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

இனி கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 14 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 4 மணி 20 நிமிடம் வரும். இதில் ஓய்வு சேராது. அந்த நாளை நீங்கள் ஓய்வோடு ஆறரை மணி நேரத்தில் முடித்திருந்தால், அதை விதி தந்த நேரத்தால் வகுத்து வரும் 1.5 உங்கள் பெருக்கெண். இரண்டு மூன்று நாள்களுக்கு இப்படிப் போட்டுப் பார்த்து, அதில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயணம் குளிர்ந்த பருவத்தில் நடந்தது என்றால் கோடைக்கு இன்னும் கால் பங்கு கூட்டுவது என் வழக்கம்.

கடைசியாக ஒரு சின்னப் பட்டியல்: பையில் போய், தொடப்படாமல் திரும்பி வந்தவை எவை? இல்லாமல் தவித்தவை எவை? ஏழாம் படியில் இது வேண்டும்.

2. யார் வருகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

பாதைக்கு முன்பே ஆட்களை முடிவு செய்ய வேண்டும். குழுவின் வேகம் என்பது மெதுவாக நடப்பவரின் வேகம். எல்லோருடைய பெருக்கெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சராசரி வேகத்தில் யாருமே நடப்பதில்லை. முன்னால் போனவர் காத்திருப்பார், பின்னால் வருபவர் ஓய்வே இல்லாமல் ஓடி வருவார்.

“உன்னால முடியுமா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். “கடைசியா பையோட எப்போ நடந்த? மறுநாள் முட்டி எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். தினமும் சாப்பிடும் மருந்து, ஆஸ்துமா, பூச்சிக்கடி ஒவ்வாமை இவற்றையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சில மருந்துகள் உடல் வெப்பத்தைத் தாங்கும் திறனையே குறைக்கும். அப்படி ஏதாவது சாப்பிடுபவர் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

3. தேதியைப் பிடியுங்கள்

கோடை முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தொடக்கத்தில் ஓடைகளில் தண்ணீர் இருக்கும், ஆனால் பனி விழும் மலைகளில் உயரமான கணவாய்கள் இன்னும் மூடிக் கிடக்கலாம். கடைசியில் பாதை திறந்திருக்கும், ஊற்றுகள் வறண்டிருக்கும். இரண்டில் எது உங்கள் குழுவுக்குச் சுலபம் என்று பார்த்து முடிவெடுங்கள். பனியில் நடந்து பழகாதவர்கள் இருந்தால் பிந்திய தேதியே நல்லது. அதற்கு விலையாகத் தண்ணீரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

வெப்பநிலை 1,000 மீட்டர் ஏறும்போது சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 36 டிகிரி என்றால் 2,000 மீட்டர் மேலே பகலில் ஏறக்குறைய 23. இரவில் அதைவிடவும் நன்றாகவே இறங்கும். அடிவாரத்தின் வெயிலை மட்டும் பார்த்து உடை எடுப்பவர்கள் முதல் இரவே நடுங்குவதைப் பார்க்கலாம்.

பகல் நீளத்தையும் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் கோடையிலும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியேதான் இருக்கும். கோடை என்பதால் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும் என்று அங்கே கணக்குப் போட முடியாது.

அனுமதி தேவைப்படும் காடுகளில் தேதியை உறுதி செய்யும் முன் விண்ணப்பியுங்கள். காட்டுத் தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடுவது வழக்கம். அதனால் மாற்றுத் தேதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

4. முதலில் தண்ணீர், பிறகு பாதை

கோடைப் பயணத்தில் நான் அதிக நேரம் செலவிடும் படி இதுதான். வரைபடத்தை விரித்ததும் சிகரத்தைத் தேடாதீர்கள். தண்ணீர் கிடைக்கும் இடங்களை முதலில் வட்டமிடுங்கள். அவற்றில் இரவு தங்கத் தோதானவற்றைக் குறியுங்கள். கடைசியாக அந்தப் புள்ளிகளை இணைத்துப் பாதையை வரையுங்கள். முதலில் பாதையை வரைந்தால், தண்ணீர் இல்லாத முகட்டில்தான் இரண்டாம் நாள் இரவு வந்து விழும்.

பல வரைபடங்களில் விட்டுவிட்டு வரும் நீலக்கோடு, பருவத்தில் மட்டும் ஓடும் ஓடையைக் குறிக்கும். அதை நம்பி ஓர் இரவைத் திட்டமிடக் கூடாது. கிளம்பும் முன் கடைசி இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் போய் வந்த யாரையாவது, அல்லது அங்குள்ள வனக் காவலரைக் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும்? மிதமான வெயிலில் நடக்க ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர். கடும் வெயிலில் ஏறும்போது ஒரு லிட்டர் வரை போகும். இரவுத் தங்கலில் சமையல், குடிநீர் இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர். உங்கள் பழைய பயணத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் நிரப்பினீர்கள் என்று நினைவிருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கொஞ்சம் குறைக்கலாமே என்று மனம் சொல்லும். நான் வைத்திருக்கும் விதி: அடுத்த ஊற்று வறண்டிருந்தாலும் அதற்கடுத்ததை எட்டும் அளவுக்குக் கையில் இருக்க வேண்டும். எடை அதிகம்தான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சுத்திகரிப்புக்கு இரண்டு வழிகளாவது வைத்திருங்கள். கொதிக்க வைப்பது எல்லாக் கிருமிகளுக்கும் போதும்: தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் கூடுதல் நேரம் தேவை. கையடக்க வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும். பெரும்பாலான வடிகட்டிகள் வைரஸைப் பிடிக்காது. குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு அசையாது. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும் என்பதற்காகத்தான் இரண்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். சேறு வடிகட்டியையும் அடைக்கும், மாத்திரையின் வீரியத்தையும் குறைக்கும்.

மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புள்ள தின்பண்டம் அல்லது உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கூடவே இருக்கட்டும்.

5. நாள்களைப் பின்னாலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள்

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று தொடங்காதீர்கள். மதியம் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று தொடங்குங்கள். கோடையில் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் ஆளை உலர்த்திவிடும். பல மலைப்பகுதிகளில் இடி மின்னலும் பிற்பகலில்தான் சேரும். அதனால் நடையின் பெரும்பகுதி பகல் பதினொன்றுக்குள் முடிய வேண்டும். முதல் படியில் வந்த பெருக்கெண்ணைப் போட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்த நாள் ஏழு மணி நேரம் என்றால் விடியும் முன்பே, ஐந்து மணிக்கெல்லாம் நடக்க வேண்டும். அது உங்கள் குழுவால் முடியாது என்றால் தூரத்தைக் குறையுங்கள், அல்லது நடுவில் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் மூன்று மணி நேர ஓய்வை வைத்து மாலையில் மிச்சத்தை நடங்கள்.

முதல் நாள் சின்ன நாளாக இருக்கட்டும். உணவு முழுவதும் பையில் இருப்பதால் அன்றுதான் சுமை அதிகம், உடம்பும் பழகியிருக்காது. புதியவர்கள் உற்சாகத்தில் முதல் நாளையே நீளமாகப் போட்டுவிட்டு, இரண்டாம் நாள் கால் கொப்புளத்தோடு நொண்டுகிறார்கள்.

செங்குத்தான இறக்கத்தை நேரம் மிச்சமாகும் பகுதி என்று எண்ண வேண்டாம். பையோடு இறங்கும்போது முட்டிகள் வாங்கும் அடியில் வேகம் நன்றாகவே குறைந்துவிடும்.

முகடுகளை மதியத்துக்கு முன் கடந்துவிடும்படி நாளை அமையுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒவ்வொரு மூன்று விநாடிக்கும் ஒரு கிலோமீட்டர் என்று எண்ணலாம். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உடனே முகட்டை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மேலே திரும்ப வேண்டாம். பனி உருகி ஓடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பகல் வெயிலில் உருகும் தண்ணீர் மாலையில்தான் பெருகி வரும். கடக்கும் முன் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றுங்கள். தடுக்கி விழுந்தால் பையை உதற முடிய வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேல் போகிறீர்கள் என்றால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அன்று மேலே போகக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும்.

6. வெளியேறும் வழிகளைக் குறியுங்கள்

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கேள்வி: இங்கே ஒருவர் கால் பிசகினால், சாலையை அடைய எது குறுகிய வழி? அதை வேறு நிறத்தில் வரைபடத்தில் வரையுங்கள். எந்த நாளில் அப்படி ஒரு வழியே இல்லையோ, அந்த நாளில் கூடுதல் கவனம் தேவை என்று இப்போதே தெரிந்துவிடும். சில சமயம் பாதையையே மாற்றத் தோன்றும், மாற்றிவிடுங்கள்.

சிகரம் போன்ற உபரி இலக்குகளுக்குத் திரும்பும் நேரம் ஒன்றை எழுதுங்கள். பத்தரை என்றால் பத்தரைக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுதும் நேரம்தான் சரியாக இருக்கும். மேலே, சிகரம் கண்ணுக்குத் தெரியும்போது எல்லோருக்கும் இன்னும் பத்து நிமிடம் போதும் என்றே தோன்றும்.

வரைபடத்தை இரண்டு போன்களில் ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். ஏரோபிளேன் மோடில் ஜிபிஎஸ் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். தாள் வரைபடம் ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

7. இப்போது பை

முதல் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். தொடாமல் திரும்பியவற்றில் மழைச் சட்டை, முதலுதவி, ஹெட்லேம்ப், விசில் தவிர மற்றவை இந்த முறை வர வேண்டாம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். நிறுக்காமல் எடையைக் குறைக்க முடியாது. உணவும் தண்ணீரும் சேர்ந்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் பை நிற்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு 12 கிலோ.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். கம்ஃபர்ட் என்ற எண்ணைப் பாருங்கள். லிமிட் என்பது சுருண்டு படுத்து எப்படியோ இரவைக் கழிக்கும் அளவு. மூன்றாம் படியில் கணக்கிட்ட இரவு வெப்பத்தோடு ஒப்பிட்டால் கோடைக்கு லேசானதே போதும் என்று பல சமயம் தெரியவரும்.

ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையையும் மழைச் சட்டையையும் மட்டும் கோடை என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பத்து டிகிரியில்கூட நனைந்த உடம்பில் காற்று அடித்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். பருத்தி கீழே வறண்ட வெயிலில் சுகமானது, மேலே நனைந்தால் உலராது. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி அவசியம். 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுவதால், குளிர்ந்த காற்றிலும் தோல் கருகும்.

ஷூ புதிதாக வேண்டுமென்றால் இந்தப் படிக்குக் காத்திருக்காமல் இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். வெயிலில் நடக்கக் கால் வீங்கும். மாலையில், நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு போய் அளவு பாருங்கள்.

உணவுக்கு நூறு கிராமில் 400 கலோரிக்குக் குறையாத உலர்ந்த பொருள்கள். 3,000 கலோரிக்கு அதிகபட்சம் 750 கிராம் வரும். வெயிலில் பசி மந்தமாகிவிடும். மதியச் சாப்பாட்டை நம்புவதைவிட மணிக்கொருமுறை கொட்டைகளோ உலர்பழமோ கொறிப்பது நடக்கும். விமானத்தில் போய்த்தான் மலையை அடைவீர்கள் என்றால் அடுப்பு கேஸை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, இறங்கிய ஊரில் கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

அடுக்கும்போது கனமானவை முதுகை ஒட்டி, நடு உயரத்தில். சுமை பின்னால் தள்ளி இருந்தால் தோள் இழுபடும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிய பிறகு தோள்பட்டைகளைச் சரி செய்யுங்கள்.

8. உடம்பைப் பழக்குங்கள்

ஆறு முதல் எட்டு வாரம் முன்பு தொடங்கினால் போதும். ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். படிக்கட்டில் பையோடு இறங்குவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மலையில் வலிப்பதெல்லாம் அதில்தான்.

வெயிலுக்கு உடம்பு பழகுவது தனி வேலை. தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் நடந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரம் வரும், இதயத் துடிப்பு அடங்கும். விட்டுவிட்டால் சில வாரத்தில் அந்தப் பழக்கம் போய்விடும் என்பதால் இதைப் பயணத்தை ஒட்டிய கடைசி இரண்டு வாரத்தில் செய்யுங்கள்.

அதற்கு முன், முழுப் பையோடு அருகில் எங்காவது ஓர் இரவு தங்கி வாருங்கள். அடுப்பு பற்றுகிறதா, டென்ட் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா, எந்த இடத்தில் கால் உராய்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

9. வெப்பத்தின் அறிகுறிகளை எல்லோரும் படியுங்கள்

ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதாது, ஏனென்றால் விழுபவர் அவராகவே இருக்கலாம்.

தலைசுற்றல், அதிக வியர்வை, குமட்டல், சதைப்பிடிப்பு என்றால் உடல் வெப்பத்தில் களைத்திருக்கிறது. நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, நனைத்து, உப்புக் கரைசலை மெல்லக் குடிக்கக் கொடுங்கள். அன்றைய நடை அவருக்கு அதோடு முடிந்தது.

பேச்சு குழறுவது, தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது என்றால் வெப்ப அதிர்ச்சி (ஹீட் ஸ்ட்ரோக்). உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், நடந்து வந்தவருக்கு வியர்த்துக்கொண்டேகூட இது வரும். முதலில் குளிர்விக்க வேண்டும், தூக்கிச் செல்வது பிறகு. ஓடை இருந்தால் ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, உடலைத் தண்ணீரில் இறக்குங்கள். இல்லையென்றால் இருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

10. வீட்டில் ஒரு தாள் விட்டுச் செல்லுங்கள்

பாதை, ஒவ்வொரு இரவும் தங்கும் இடம், வெளியேறும் வழிகள், வருபவர்களின் பெயர், மருந்து விவரம், வண்டி எண். இவற்றோடு மிக முக்கியமான ஒரு வரி: எந்த நாள் எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால், யாருக்குப் போன் செய்ய வேண்டும். “சாயங்காலம் வந்துடுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், வீட்டில் இருப்பவர் எப்போது பயப்படுவது என்று தெரியாமல் இரவெல்லாம் தவிப்பார். சிலர் சீக்கிரமே கூப்பிட்டுவிடுவார்கள், சிலர் மறுநாள்வரை காத்திருப்பார்கள்.

உதவிக்கான விசில் முறையையும் குழுவில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக மூன்று வரும். வட அமெரிக்காவில் மூன்று ஊதலே உதவிக்கான அழைப்பு.

11. கிளம்புவதற்கு முந்தைய மாலை

“எப்படியிருந்தாலும் போய்விடலாம்” என்ற மனநிலை இந்த மாலையில்தான் மேலோங்கும். அதனால் ரத்து செய்யும் நிபந்தனைகளை இரண்டு வாரம் முன்பே எழுதி வைத்திருங்கள்: முகட்டைக் கடக்கும் நாளில் இடிமழை எச்சரிக்கை, பாதையில் தீ எச்சரிக்கை, முக்கியமான தண்ணீர் இடம் வறண்டுவிட்டது என்ற தகவல், யாருக்காவது காய்ச்சல். ஒன்று பொருந்தினாலும் மாற்றுத் தேதி. வானிலையை அடிவார ஊருக்குப் பார்க்காமல், நீங்கள் தங்கும் உயரத்துக்குப் பாருங்கள்.

சரி, எதுவும் பொருந்தவில்லை என்றால் பாட்டில்களை இரவே நிரப்பிவிடுங்கள். ஹெட்லேம்ப் பையின் மேல் அறையில் இருக்கட்டும், விடியும் முன் அதுதான் முதலில் வேண்டும். காலையில் பாதை முனையில், சிக்னல் போவதற்கு முன், தாள் வைத்திருப்பவருக்குக் கிளம்பிய நேரத்தைச் செய்தியாக அனுப்பிவிட்டுப் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.